சென்னை டூ மேலூர்: பிளைட்டா, ரோடா?

"பிளைட்ல ஒண்ணேகால் மணி நேரம்தானடா, எதுக்கு ராத்திரி பூரா பஸ்ல கிடந்து வர்ற"ன்னு மாமா கேட்டாரு. அப்ப பதில் சொல்ல வரல. ரெண்டு விதமாவும் நாலஞ்சு தடவை போய்ட்டு வந்துட்டுத்தான் இத எழுதுறேன்.

எங்க ஊரு மேலூர், மதுரைக்குப் பக்கம். சென்னை-மதுரை ரோட்ல சுமார் 460 கிலோமீட்டர், வானத்துல நேரா அளந்தா 420 கிட்ட வரும். ஹைவே கிட்டத்தட்ட நேராவே தென்மேற்குல இறங்குறதால தூரத்துல பெருசா மிச்சம் இல்ல, வேகத்துலதான் எல்லாம். ரயில்தான் திண்டுக்கல்லச் சுத்திட்டு வருது, எங்க மேலூர்ல ஸ்டேஷனே கிடையாது, அத விட்ருவோம்.

இப்ப வாசல்ல இருந்து வாசலுக்குக் கணக்கு போடுங்க. நான் இருக்கறது பெருங்களத்தூர். பத்து மணி பிளைட்டுக்கு ஏழே முக்காலுக்குக் கிளம்பி, மீனம்பாக்கத்துல பேக் போட்டு, செக்யூரிட்டி முடிச்சு, அங்க இறங்கி பேக் வர்றதுக்குள்ள பதினொன்னே முக்கால் ஆயிரும். அதோட முடியல, மதுரை ஏர்போர்ட் ஊருக்குத் தெக்க பெருங்குடிப் பக்கம் கிடக்கு, மேலூரோ வடகிழக்க, அதனால பறந்து தாண்டி வந்த ஊருக்கே ரிங் ரோட்ல சுமார் நாப்பது கிலோமீட்டர் டாக்ஸியில திரும்பி வரணும். வீட்டுப் படியேறும்போது ஒரு மணி. மொத்தம் அஞ்சேகால் மணி நேரம்.

கார்ல ஆறரை மணி நேரம். பரனூர்ல ஆரம்பிச்சு பூதக்குடி வரைக்கும் டோல் கட்டணும், சிட்டம்பட்டி டோல் மேலூருக்கு அந்தப் பக்கம்ங்கறதால எங்களுக்கு அது மிச்சம். ஆம்னி பஸ்ஸுன்னா ஏழு ஏழரை, ஆனா அது தூங்குற நேரம்தானே, துவரங்குறிச்சி தாண்டி முழிச்சா லேசா வெளுத்திருக்கும், பைபாஸ்ல இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு நடந்தே வீட்டுக்குப் போயிரலாம்.

இதுவே நீங்க இறங்கவேண்டியது விருதுநகர், சிவகாசி இல்ல நம்ம மதுரைத் திருமங்கலம்னா யோசிக்கவே வேண்டாம், பிளைட்தான், ஏர்போர்ட் அந்தப் பக்கம்தான் இருக்கு. பொங்கல் தீபாவளிக்கும் அப்படித்தான், தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு தாண்டவே மூணு மணி நேரம் ஆன ராத்திரி உண்டு. ஆனா அந்த வாரம் டிக்கெட் விலையப் பார்த்தா மனசு வராது.

போன வருசம் அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ராத்திரி பத்தரைக்கு போன் வந்துச்சு. அந்நேரத்துக்கு ஏது பிளைட்டு? மெயின் ரோட்டுக்கு ஓடி வந்து கிடைச்ச பஸ்ல ஏறிட்டேன், விடியுறப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். காலையில பறக்கலாம்னு இருந்திருந்தா அந்நேரம் செக்யூரிட்டி லைன்லதான் நின்னிருப்பேன். ரோடு எந்நேரமும் திறந்திருக்கு, எனக்கு அதுதான் பெருசு.

அம்மாவுக்கு மட்டும் பிளைட்தான் போடுவேன். ஏழு மணி நேரம் கால தொங்கப்போட்டு உக்காந்தா ரெண்டு நாளைக்கு வீக்கம் வடியாது. புக் பண்ணும்போதே வீல்சேர் கேட்டுட்டா கேட்ல இருந்து சீட் வரைக்கும் அவங்களே கூட்டிட்டுப் போறாங்க. போன மாசம் மீனம்பாக்கத்துல முறுக்கு டப்பாவ மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் முதல்ல கணுக்காலத்தான் அமுக்கிப் பார்த்தேன், வீக்கமே இல்ல.