280 டாலர் போச்சு: உள்நாட்டுப் போர் ரீஎனாக்ட்மென்டுக்கு ஷூ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

280 டாலர் போய்விட்டது. மிச்சம், அடி பிளந்த ஒரு ஜோடி ஷூ. “இனி இது பற்றி எழுத வேண்டாம்” என்று கடைக்காரரின் கடைசி மெயில் இன்று காலைதான் வந்தது. ஆத்திரத்தோடு எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் ரீஎனாக்ட்மென்டில், அதாவது அந்தப் போரை அன்றைய உடுப்போடு நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளில், யூனியன் (வட மாநிலத் தரப்பு) காலாட்படை யூனிட்டில் புதிதாகச் சேர்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஷூ வாங்குங்கள். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

ஷூவுக்கா இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: அந்தப் போரில் யூனியன் வீரர்கள் போட்டது ஜெஃபர்சன் பிராகன் என்ற கணுக்கால் உயர ஷூ. தோலின் சொரசொரப்பான சதைப்பக்கம் வெளியே இருக்கும், அதில் கறுப்பும் மெழுகும் ஏற்றியிருப்பார்கள். முனை சதுரம். அடித்தோலைக் கையால் தைத்திருப்பார்கள், இல்லையென்றால் வரிசையாக மர ஆணி அடித்திருப்பார்கள். போர் நடக்கும்போதே, மெக்கே என்ற மெஷினில் அடித்தோலைத் தைக்கும் முறையும் வந்தது. ரப்பர் அடி கிடையாது. அந்தத் தோல் அடியோடு ஈரப் புல்லில் ஏறி இறங்கினால்தான் அந்தச் சிப்பாய் எப்படி நடந்தான் என்று உடம்புக்குப் புரியும். நான் இதில் இருப்பதே அதற்காகத்தான்.

வாங்கியது, ரீஎனாக்டர்களுக்கென்றே சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில். பேச்சு துளி தடுமாறியிருந்தாலும் விலகியிருப்பேன். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் வந்தது. “தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு இரண்டு பாதத்தையும் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். சாயங்காலமாக வரையுங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்” என்றார். அந்த வார்த்தையில்தான் முழுசாக நம்பினேன். இதெல்லாம் ஷூ தைத்துப் பழகியவருக்குத்தான் தோன்றும். மர ஆணி வரிசையை நெருக்கத்தில் எடுத்த படமும் வந்தது. 280 டாலரையும் முன்பணமாகவே கேட்டார். ஆர்டருக்குச் செய்பவர்கள் அப்படிக் கேட்பது உண்டு, கட்டினேன்.

சொன்ன தேதிக்கு வரவில்லை. தோல் வரவில்லை, ஆள் லீவு என்று தள்ளித் தள்ளி, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் பனி ஈரத்தில் டிரில். மதியத்துக்குள் வலது ஷூ முனையில் வாய் பிளந்துவிட்டது. கூடாரத்தில் உட்கார்ந்து அடியைப் பிடித்து இழுத்தேன், முழுசாகக் கையோடு வந்தது. உள்ளே ஊறிப்போன அட்டை, அதன் மேல் மஞ்சள் பசை. மர ஆணி என்று காட்டியதெல்லாம் வெளி அடியில் குத்திவைத்த வெறும் கொண்டைகள். ஒன்றுகூட உள்தோல் வரை போகவில்லை. மேல்தோலின் ஓரத்தைப் பிளேடால் சீவினால் நீலச் சாம்பல் நிறம். குரோம் (குரோமியம் உப்பு) போட்டுப் பதனிட்ட தோல்! அந்த முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1884இல், போர் முடிந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து. படத்தில் எனக்குக் காட்டியது வேறு யாரோ செய்த ஷூ.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. “ஈரத்தில் போட்டது உங்கள் தப்பு” என்றார். மழையிலும் சேற்றிலும் நடக்கத்தான் அதை விற்றார். அடுத்து, “போட்டு நடந்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது.” நடக்காமல் எப்படித் தெரியும்? அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால், “மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்.” மேலாளர் என்று ஃபோனில் பேசியதும் அதே குரல். கடைசியில் பாதித் தொகைக்குக் கூப்பன் தருகிறேன் என்றார், அதே கடையில் வாங்குவதற்கு. இதற்குள் கார்டு கம்பெனியில் புகார் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. அதற்காகத்தான் இழுத்திருக்கிறார். 280 டாலருக்குப் பட்டை நாமம்.

போர் நடந்தபோதே சிப்பாய்களுக்கு இதைச் செய்தார்கள். அவசர கான்ட்ராக்ட் எடுத்தவர்கள் கொடுத்த மட்ட ஷூக்கள் அணிவகுப்பிலேயே பிய்ந்துபோயின. அப்படிப்பட்ட மோசடிகளை மடக்கத்தான் 1863 மார்ச்சில் லிங்கன் ஒரு தனிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிப்பாய்களை நினைத்து நடத்தும் காரியத்திலேயே அதே மோசடியைச் செய்ய எப்படி மனசு வருகிறது?

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்வதாகச் சொன்னேன். விரிவாக எழுதும் நிலையில் இல்லை. யூனிட்டில் பழைய ஆட்களின் காலில் சில சீசன் தாங்கிய ஷூ எங்கே செய்தது என்று கேட்டு அங்கேயே போங்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் என்று எழுத்தில் வாங்குங்கள். ஷூ வந்ததும் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், ஆணி நிஜமானால் அதன் நுனியோ அரம் போட்டுத் தேய்த்த தடமோ விரலில் படும். முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். கார்டில் கட்டி, புகார் கெடுவைக் காலண்டரில் குறித்துவையுங்கள், மேலாளர் பேசுவார் என்று காத்திருக்காதீர்கள். படம் கேட்கும்போது உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டை ஷூ பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் அந்தக் கடையே வேண்டாம்.