சாயல்குடி ஈசிஆர் ஓரம் இருக்குற பதநீர் கடை, காலைல போனா அஞ்சு ஸ்டாரு

ராமநாதபுரம் மாவட்டத்துல சாயல்குடி தாண்டி ஏர்வாடி போற ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) கடல் பக்கமா ஒரு ஓலைக் கொட்டகை இருக்கும். போர்டு கிடையாது, பேரும் கிடையாது, முன்னாடி ரெண்டு பானையும் ஒரு கட்டு பச்சை ஓலையும் தெரிஞ்சா அதான் கடை. பதநீர், சீசன்ல நுங்கு, அப்புறம் கருப்பட்டி, இவ்ளோதான் அங்க கிடைக்கும். வீட்டுக்கார அண்ணே பனையேறி, அக்கா கடைய பாத்துக்கிறாங்க. இதுக்குப் போயி இவ்ளோ நீளமா ரிவ்யூவான்னு கேக்காதீங்க, இந்தக் கடற்கரைப் பக்கம் பதநீர்னு நம்பி வண்டிய நிறுத்துன பல இடத்துல எனக்குக் கிடைச்சது ஒண்ணு புளிச்சுப் போனது இல்லாட்டி சுண்ணாம்பு தொண்டையப் புடிக்கிறது. இங்க ரெண்டும் இல்ல, அது எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா நீங்க எங்க போனாலும் நல்ல பதநீரை கண்டுபிடிச்சுருவீங்க.

மொதல்ல ருசி. ஓலைய மடிச்சு பட்டை புடிச்சு அதுல ஊத்திக் குடுக்குறாங்க, நுங்கு வர்ற மாசத்துல ரெண்டு சுளைய பிச்சுப் போட்டும் தருவாங்க. வாயில வச்ச உடனே இனிப்பு, ஆனா திகட்டாது, பச்சை ஓலை வாசம் கூடவே வரும், சுண்ணாம்பு கடைசியில லேசா தெரியும் அவ்ளோதான். நாக்குல சுர்ருன்னு கிள்ளாது, மேல நுரை நிக்காது. அந்தக் கிள்ளல் இல்ல பாருங்க, அதுக்குத்தான் நான் மார்க் போடுறேன், ஏன்னா பதநீர்ல கிள்ளல் இருந்தா உள்ள ஈஸ்ட், அதாவது சர்க்கரைய தின்னு புளிக்க வைக்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், வேலைய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

பனைமரம் இந்த இனிப்பை நமக்காக செய்யல. இலையில வெயில வச்சு செஞ்ச சர்க்கரைய சுக்ரோஸா (நம்ம சீனியில இருக்குற அதே சர்க்கரை) மாத்தி பூ வர்ற பாளைக்கு அனுப்புது, பூ விரியணும் காய் பிடிக்கணும்னா அங்க இருக்குற ஒவ்வொரு செல்லுக்கும் எனர்ஜி வேணும், அந்த எனர்ஜி சுவாசத்துல வருது. மூக்கும் நுரையீரலும் காத்தை உள்ள கொண்டுவந்து சேக்குறதோட சரி, உண்மையான வேலை செல்லுக்குள்ள நடக்குது, அதனாலதான் மூக்கே இல்லாத மரமும் ராத்திரி பகலா சுவாசிக்குது. குளுக்கோஸை ஆக்ஸிஜனோட சேத்து படிப்படியா உடைச்சு கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணியும் ஆக்கி, வர்ற சக்திய ஏடிபின்னு ஒரு மூலக்கூறுல புடிச்சு வச்சுக்கும். நம்ம ஆளு பாளைய சீவி கலயத்தை கட்டுறப்போ பூவுக்குப் போக வேண்டிய சாப்பாட்டை வழியிலயே வாங்கிக்கிறோம், 10 சதவீதத்துக்கு மேல சர்க்கரை உள்ள சாறு அது.

இவ்ளோ சர்க்கரை இருக்குற இடத்துக்கு ஈஸ்ட் வராம இருக்குமா. காத்துல வரும், வண்டு ஈ கால்ல ஒட்டி வரும், சரியா கழுவாத பழைய கலயத்து சுவர்லயே உக்காந்திருக்கும். வந்ததும் தன்னோட என்ஸைமை (வேதி மாற்றத்தை வேகமாக்குற புரதம்) வெளிய விட்டு சுக்ரோஸை குளுக்கோஸ் ஃப்ரக்டோஸ்னு ரெண்டா வெட்டி உள்ள இழுத்துக்கும். ஈஸ்ட்டுக்கும் நம்மள மாதிரி ஆக்ஸிஜன் வச்சு சுவாசிக்கத் தெரியும், ஆனா கலயத்துக்குள்ள கரைஞ்சிருக்குற ஆக்ஸிஜன் ரொம்ப கம்மி, அதோட சர்க்கரை இப்படி கொட்டிக் கிடந்தா காத்து இருந்தாலும்கூட ஈஸ்ட் நொதிக்க வைக்கிற வழியத்தான் புடிக்கும். காத்தில்லாத அந்த வழியில ஒரு குளுக்கோஸுக்கு அதுக்கு கிடைக்கிறது வெறும் 2 ஏடிபி. ஆக்ஸிஜனோட முழுசா உடைச்சா 30ல இருந்து 32 வரைக்கும் கிடைக்கும் (பழைய ஸ்கூல் புக்ல 36, 38ன்னு போட்டிருக்கும், இப்ப கணக்கு குறைச்சுட்டாங்க). மீதி சக்தி பெரும்பாலும் ஆல்கஹாலுக்குள்ளயே தங்கிரும். அப்ப வயிறு நிறையணும்னா ஈஸ்ட் என்ன பண்ணும், சர்க்கரைய அள்ளி அள்ளி திங்கும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் இதை 1860கள்லயே கவனிச்சு சொல்லிட்டாரு, காத்து இல்லாம வாழுற ஈஸ்ட்தான் அதிகமா சர்க்கரைய காலி பண்ணுதுன்னு. 180 கிராம் குளுக்கோஸ் இப்படி முழுசா போனா சுமார் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்ஸைடும் வரும். நாக்குல கிள்ளுறது அந்த கார்பன் டை ஆக்ஸைடுதான். இன்னும் விட்டா வேற பாக்டீரியா வந்து ஆல்கஹாலை காடியாக்கிரும் (வினிகர்), அப்பதான் அந்த மண்டையில ஏறுற புளிப்பு.

சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவாம விட்டா கள்ளு. அதே மரம் அதே பாளைதான், தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்கு தடை இருக்குறதால இந்த சுண்ணாம்பு விஷயத்துல பனையேறிங்க ரொம்ப கவனமா இருப்பாங்க. இந்தக் கடையில அண்ணே கலயத்தை ஒவ்வொரு தடவையும் கழுவி வெயில்ல கவுத்தி காயவச்சு, அப்புறம்தான் உள்பக்கம் புதுசா சுண்ணாம்பு தடவுறாரு. சுண்ணாம்பு சாறை காரத்தன்மையா (புளிப்புக்கு நேர் எதிர், உறைப்பு இல்ல) மாத்தி வச்சிருக்கும், அதுல ஈஸ்ட்டால சரியா வேலை செய்ய முடியாது, சுக்ரோஸும் உடையாம அப்படியே நிக்கும். ரொம்ப போட்டா குடிக்க முடியாது, கம்மியா போட்டா ஒம்பது மணிக்கே நுரைச்சிரும். அளவு என்னன்னு அண்ணேகிட்ட கேட்டேன், "வெயிலப் பாத்து தடவுறதுதான் தம்பி, சித்திரைக்கு ஒரு கை, தைக்கு ஒரு கை"ன்னாரு. சூடு ஏற ஏற ஈஸ்ட் வேகமாகும்ங்கிறத இதைவிட நல்லா எனக்கு யாரும் சொன்னதில்ல.

ஸ்கூல்ல தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில ஸ்ட்ரா வச்சு ஊதுனா பால் மாதிரி ஆகும்ல, நம்ம விடுற மூச்சுல கார்பன் டை ஆக்ஸைடு இருக்குன்னு காட்டுறதுக்கு, வெளிக்காத்துல 0.04 சதவீதம்தான், நம்ம விடுற மூச்சுல 4 சதவீதம் வரைக்கும் இருக்கும். அதே சுண்ணாம்புதான் இங்க கலயத்துல இருக்கு. ஈஸ்ட் விடுற கொஞ்சநஞ்ச வாயுவையும் புடிச்சு வெள்ளைப் பொடியா அடியில உக்கார வச்சிரும். அதனால பட்டையில கடைசி மடக்கு கலங்கலா இருந்தா விட்டுருங்க, குத்தம் ஒண்ணுமில்ல.

அண்ணே மரம் ஏறுறத ஒரு தடவையாவது நின்னு பாருங்க. காலைலயும் சாயங்காலமும் ஒவ்வொரு மரமா ஏறி இறங்கணும். பாதி மரத்துல தொடைக்கும் கைக்கும் ஆக்ஸிஜன் வந்து சேர்ற வேகம் பத்தாம போயிரும், அப்ப தசை செல்லும் ஈஸ்ட் மாதிரியே காத்தில்லா வழிக்குப் போகும், ஆனா நம்ம செல்லு ஆல்கஹால் செய்யாது, லாக்டேட்ங்கிற வேற ஒரு பொருளை செய்யும், கிடைக்கிறது அதே 2 ஏடிபி. கீழ இறங்கி பனையில சாஞ்சு மூச்சு வாங்குறாரே, அந்த நேரத்துல ரத்தம் லாக்டேட்ல ஒரு பங்கை ஈரலுக்கு கொண்டுபோயி அங்க அது திரும்பவும் குளுக்கோஸ் ஆகுது. மறுநாள் உடம்பு வலிக்கு இதான் காரணம்னு ஜிம்ல சொல்லுவாங்க, அப்படி இல்ல, ஒரு மணி நேரத்துக்குள்ளயே லாக்டேட் பெரும்பாலும் கரைஞ்சு போயிரும். இந்த உழைப்பைப் பாத்துட்டு யாரும் அம்பது ரூபா பட்டைக்கு பேரம் பேசாதீங்க, எனக்கு நெஞ்சு கேக்கல.

பார்சல் வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். பாட்டில்ல ஊத்திக் குடுக்கும்போதே அக்கா "மூடிய இறுக்காதீங்க தம்பி, லூசா விடுங்க"ன்னு சொல்லுவாங்க, தயவு செஞ்சு கேளுங்க. சுண்ணாம்பு ஈஸ்ட்டை அடக்கி வைக்கும், அடியோட அழிக்காது. மூடிய இறுக்குனா, வெயில்ல சூடாகுற கார்ல ராமநாதபுரம் போறதுக்குள்ள பாட்டில் வயிறு உப்பிரும், தொறந்தா சீட்டெல்லாம் தெறிக்கும். ஐஸ் பெட்டி கொண்டு போங்க, குளிர்ல என்ஸைம் மந்தமாகும், ஃப்ரிட்ஜ்லயும் அது மந்தமாத்தான் இருக்கும், நிக்காது, அதனால அன்னைக்கே குடிச்சு முடிங்க. என்ஸைம்னதும் ஞாபகம் வருது, 1897ல புக்னர்னு ஒரு ஜெர்மன்காரர் ஈஸ்ட்டை அரைச்சு சாறு எடுத்து, அது கெட்டுப் போகாம இருக்கட்டும்னு சர்க்கரைய போட்டாரு, பாத்தா உயிருள்ள ஈஸ்ட் ஒண்ணுகூட இல்லாத அந்த சாறே பொங்க ஆரம்பிச்சிருச்சு. செல்லு இல்லாட்டியும் அதோட என்ஸைம் வேலை செய்யும்னு அப்பதான் தெரிஞ்சது, 1907ல அவருக்கு நோபல் குடுத்தாங்க.

கருப்பட்டியும் வாங்கலாம், நான் ஒவ்வொரு தடவையும் வாங்குறேன். வித்தது போக மீதி பதநீரை அன்னைக்கே பெரிய சட்டியில ஊத்தி காஞ்ச ஓலைய எரிச்சு காய்ச்சுறாங்க, கொதியில ஈஸ்ட் செத்துரும், தண்ணி வத்தி பாகாகி சிரட்டையில ஊத்துனா கட்டியாகிரும். அதுல இனிப்பு அவ்ளோ இருந்தும் ஈஸ்ட் வர முடியாததுக்கு காரணம் அதுல தண்ணி வத்திப் போனதுதான், வந்தாலும் சர்க்கரை அதோட உடம்புத் தண்ணிய உறிஞ்சிரும். ஆனா ஐப்பசி கார்த்திகை ஈரத்துல கருப்பட்டி இளகும், இளகுன இடத்துல திரும்ப புளிக்க ஆரம்பிக்கும், ஓலைக் கொட்டான்ல போட்டு அடுப்புக்கு மேல பரண்ல வைங்க. இங்க உள்ள கட்டிய உடைச்சா உள்ள பழுப்பா இருக்கும், வாயில போட்டா கொஞ்சம் உப்பும் தெரியும். வெள்ளைச் சீனி கலந்த கருப்பட்டிய வேற இடத்துல வாங்கி ஏமாந்தவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லா புரியும்.

குறைன்னு சொல்லணும்னா உக்கார இடம் இல்ல, ஒரு கல்லும் ஒரு பலகையும்தான், வயசானவங்கள கூட்டிட்டுப் போனா கார்லயே வச்சு குடுக்குற மாதிரி இருக்கும். போன்ல காசு அனுப்ப சிக்னல் வரும் போகும், சில்லறை வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை ஏர்வாடி தர்காவுக்கு போற வண்டி எல்லாம் நின்னு சீக்கிரமே தீந்துரும். வெயில் ஏறுன பின்னாடி போனா, மீதி இருந்தாலும் அக்கா ஊத்தித் தர மாட்டாங்க, எவ்ளோ கெஞ்சினாலும் "காய்ச்சப் போகுது தம்பி, நாளைக்கு வாங்க"ன்னுதான் பதில். தை மாசத்துக்கு மேல ஆனி வரைக்கும் கடை இருக்கும், நுங்கோட குடிக்கணும்னா பங்குனி சித்திரையில விடிஞ்ச உடனே கிளம்பிப் போங்க.