பழைய கேடிலாக் வாங்குவதானால் எந்த எஞ்சினோடு வாங்குவது?

80-களின் பெரிய அமெரிக்க செடான் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பெயின்ட், குரோம், மெத்தென்ற சீட். எஞ்சின் என்னவென்று கேட்டால் "வி8தானே" என்பார்கள், அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். இங்கேதான் பணம் போகிறது. 1980-இல் வந்த கேடிலாக் ஃபிளீட்வுட் பிரோமையும் 1989-இல் வெறும் பிரோம் என்ற பெயரில் வந்ததையும் அக்கம்பக்கமாக நிறுத்தினால் பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் அதே பாடிக்குள் அந்தக் கம்பெனி செய்ததிலேயே உறுதியான எஞ்சினும் இருந்திருக்கிறது, மிக மோசமான எஞ்சினும் இருந்திருக்கிறது. அதனால் எஞ்சினை முதலில் முடிவு செய்யுங்கள், வண்டியை அப்புறம் தேடுங்கள்.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அரசு 1975-இல் ஒரு எரிபொருள் சட்டம் போட்டது. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978-இல் கேலனுக்கு 18 மைல், 1985-இல் 27.5 மைல் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 1976 வரை 8.2 லிட்டர் வி8 போட்டு விற்றுக்கொண்டிருந்த கேடிலாக்குக்கு எஞ்சினைச் சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது.

முதல் சுருக்கம் நன்றாகவே அமைந்தது. 1977 முதல் 1979 வரை வந்த 425, அதாவது 425 கன அங்குலம், 7 லிட்டர் எஞ்சின். கார்புரேட்டரோடு 180 குதிரைத்திறன்தான். இந்த எண்ணை மட்டும் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், டார்க்கை, அதாவது இழுக்கும் விசையைப் பாருங்கள்: 2000 ஆர்பிஎம்மிலேயே 320 பவுண்ட்-அடி. பெடலை லேசாகத் தொட்டால் போதும், அவ்வளவு பெரிய வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்துவிடும். முழுக்க வார்ப்பிரும்பு, மூன்று கியர் ஆட்டோமேட்டிக், கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. பெட்ரோல் குடிக்கும், அதை மறைக்க முடியாது.

1980-இல் இதையே 6 லிட்டராக்கினார்கள். 1981-இல் அதன்மேல் வி8-6-4 என்ற ஏற்பாட்டைப் போட்டார்கள். வேகம் சீரானதும் கம்ப்யூட்டர் இரண்டு அல்லது நான்கு சிலிண்டர்களின் வால்வுகளைத் திறக்காமல் நிறுத்திவிடும், எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்று டாஷ்போர்டில் எண்ணாகவே காட்டும். யோசனை அருமையானது, இன்று பல கார்களில் அதே தத்துவம்தான் வேலை செய்கிறது. ஆனால் 1981-இன் கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை, வண்டி குலுங்கியது, திணறியது, வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஒரே வருஷத்தில் சாதாரண கார்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இதனால் 1981 வண்டி என்றாலே ஓடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலிண்டரை நிறுத்தும் அமைப்புக்குப் போகும் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் எப்போதும் எட்டு சிலிண்டரிலும் ஓடும், அடியில் இருப்பது கெட்டியான இரும்பு எஞ்சின். பெரும்பாலான வண்டிகளில் அதை எப்போதோ கழற்றியும் இருப்பார்கள். கெட்ட பெயரால் விலை குறைந்து கிடைத்தால் தைரியமாக வாங்கலாம்.

அடுத்து வந்ததுதான் எச்டி4100 (HT4100). இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பனைக்கு வரும் 1982 முதல் 1985 வரையான பிரோம்களில் பெரும்பாலானவை இதைத்தான் சுமக்கின்றன. 4.1 லிட்டர், 125 குதிரைத்திறன், 190 பவுண்ட்-அடி. மூன்று வருஷத்துக்கு முன் 320 இருந்த இடத்தில் 190! வண்டியின் எடையோ இரண்டாயிரம் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சின்ன முன்சக்கர ஓட்ட வண்டிகளை மனதில் வைத்து யோசித்த எஞ்சின், அந்த வண்டிகள் தாமதமானதும் இந்தப் பெரிய பாடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மெதுவாகப் போனால் போகட்டும், நிலைத்தாவது நிற்குமா என்றால் அதுவும் இல்லை. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் அலுமினியம், அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் வார்ப்பிரும்பு. சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரியாது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதி) இணைப்பில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், ஒரு நாள் கூலண்ட் உள்ளே கசிந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கும், அதோடு பேரிங் போச்சு. போல்ட்டுகள் அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டு வருவதும் உண்டு. கூலண்ட் மாற்றும்போதெல்லாம் கசிவை அடைக்கும் வில்லைகளைச் சேர்த்துப் போடு என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தார் என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கத்தைப் பாருங்கள், டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தால் கூலண்ட் கலந்துவிட்டது, அதற்கு மேல் பேரம் பேச வேண்டாம். உட்புறம் எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி.

டீசலும் ஒன்று இருந்தது, கேடிலாக்கைப் போலவே ஜெனரல் மோட்டார்ஸின் பிராண்டான ஓல்ட்ஸ்மொபைலின் 5.7 லிட்டர். 22.5:1 அழுத்த விகிதம், ஆனால் ஹெட்டைப் பிடித்து வைத்த போல்ட்டுகள் பெட்ரோல் எஞ்சினில் இருந்த அதே எண்ணிக்கை, அதே அமைப்பு. அழுத்தம் தாங்காமல் போல்ட் இழுபடும், ஹெட் காஸ்கெட் போகும். டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் கருவியையும் வைக்கவில்லை, பம்ப் துருப்பிடித்தது. 105 குதிரைத்திறனுக்காக இவ்வளவு தொல்லை தேவையில்லை. நிறைய பேர் இதை எடுத்துவிட்டு ஓல்ட்ஸ்மொபைல் பெட்ரோல் எஞ்சினைப் போட்டுக்கொண்டார்கள். அப்படி மாற்றிய வண்டி கிடைத்தால் பார்க்கலாம், மாற்றாதது வேண்டாம்.

1986-இல் பிரோமுக்கு நிம்மதி வந்தது. ஓல்ட்ஸ்மொபைல் 307, 5 லிட்டர், வார்ப்பிரும்பு, கார்புரேட்டர். 140 குதிரைத்திறன், 255 பவுண்ட்-அடி. 1982-இன் 4100-ஓடு ஒப்பிட்டால் குதிரைத்திறனில் வெறும் 15 கூடுதல், டார்க்கில் 65 கூடுதல். ஓட்டும்போது உணர்வது இந்த 65-ஐத்தான். வேகம் என்று சொல்லிவிட முடியாது, நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த நினைத்தால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்றினால் வருஷக்கணக்கில் ஓடும். தொல்லை ஒன்றுதான், கார்புரேட்டரைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வேக்குவம் குழாய்கள். ஒன்று வெடித்தாலும் ஐடிலிங் ஆடும், எது என்று தேடிப் பிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

பழைய பெட்டி வடிவ பிரோம்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் தேர்வு 307 அல்ல. 1990 முதல் 1992 வரை செவ்ரலேயின் 5.7 லிட்டர் எஞ்சின் ஆப்ஷனாகக் கிடைத்தது, டிரெய்லர் இழுக்கும் பேக்கேஜோடு. ஃப்யூவல் இன்ஜெக்ஷன், முதலில் 175 குதிரைத்திறன், பிறகு 185. இதே எஞ்சின் செவ்ரலே பிக்கப் லாரிகளிலும் வந்ததால் அமெரிக்காவில் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அதே பாடி, அதே சொகுசு, ஆனால் ஓட்ட நிம்மதி. தேடித்தான் பிடிக்க வேண்டும், கிடைத்தால் விடாதீர்கள்.

வேகமும் வேண்டும் என்றால் 1994-96 ஃபிளீட்வுட்டின் எல்டி1 (LT1) எஞ்சின். செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டிலிருந்து வந்த குடும்பம், இங்கே 260 குதிரைத்திறன். 5.7 மீட்டர் நீள வண்டி இப்படிப் பாய்வதை முதல் முறை அனுபவிக்கும்போது உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கும். இதன் பலவீனம் ஆப்டிஸ்பார்க் என்ற டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பங்கிடும் கருவி. அதை எஞ்சினின் முன்பக்கம், வாட்டர் பம்புக்குக் கீழே வைத்தார்கள். பம்ப் ஒழுகினால் தண்ணீர் நேராக அதன் தலையில். அதனால் டார்ச் அடித்துப் பம்புக்கு அடியில் காய்ந்த கூலண்ட் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பம்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். இது பயந்து ஓட வேண்டிய குறை இல்லை.

எதிர்முகாமில் ஃபோர்டின் லிங்கன் டவுன் கார். 1986-90-இன் 5 லிட்டர், 150 குதிரைத்திறன், இன்ஜெக்ஷன் உண்டு என்பதால் அதே வருஷத்து 307 கேடிலாக்கைவிடக் குளிர்காலைகளில் ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும். 1991-இல் 4.6 லிட்டர் வந்தது, 190 குதிரைத்திறன், இரட்டை எக்ஸாஸ்ட் இருந்தால் 210. எல்டி1-க்கு இருக்கும் இழுவை இதில் கிடையாது, ஆனால் தினமும் ஆபீசுக்கு எடுத்துப்போகிற வண்டி என்றால் நான் கேடிலாக் பக்கம் போகாமல் இதைத்தான் சொல்வேன். டாக்சியாகவும் வாடகை லிமோவாகவும் ஓடி ஓடியே தன்னை நிரூபித்த எஞ்சின். 1996 முதல் 2001 வரையான வண்டிகளில் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு முன்பக்கம் விரிசல் விட்டுக் கூலண்ட் ஒழுகும், முன்பகுதி அலுமினியமாக இருக்கும் மேனிஃபோல்டை ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

கேடிலாக்கின் முன்சக்கர ஓட்ட மாடலான டெவில்லில் வந்த நார்த்ஸ்டார் எஞ்சின் ஓட்ட இன்பமானது, ஆனால் 90-களில் வந்தவற்றில் ஹெட் போல்ட் மரை அலுமினிய பிளாக்கிலிருந்து பிய்ந்துவிடும், சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய 4.9 லிட்டர் எவ்வளவோ மேல்.

எஞ்சின் எது என்று விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். 1981 முதல் வந்த வண்டிகளில் 17 இலக்க அடையாள எண் ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்கு அடியில் தெரியும், அதில் 8-ஆவது இடம்தான் எஞ்சின். இந்தப் பெரிய கேடிலாக்குகளில் அங்கே 8 இருந்தால் எச்டி4100, ஒய் (Y) இருந்தால் 307, 7 இருந்தால் செவ்ரலே 5.7, பி (P) இருந்தால் எல்டி1. நேரில் போவதற்கு முன்பே அந்தத் தகட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்கினால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.