ஆப்சிடியன் இம்போர்ட்டர்: குறிப்புகளோடு இணைப்புகளும் வந்து சேர்கின்றனவா?

ஒரு குறிப்புச் செயலியை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது எழுதியவை காணாமற்போவது அரிது. குறிப்புக்கும் குறிப்புக்கும் இடையே நாம் போட்டுவைத்த இணைப்புகள்தான் முதலில் அறுபடுகின்றன. ஆராய்ச்சிக்கோ தேர்வுக்கோ பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளில் பாதி உழைப்பு அந்த இணைப்புகளில்தான் இருக்கும். எனவே, குறிப்புகளை மார்க்டவுன் கோப்புகளாகச் சேமிக்கும் ஆப்சிடியன் செயலியின் நிறுவனம் இலவசமாக, திறந்த மூலமாக வழங்கும் இம்போர்ட்டர் என்னும் செருகுநிரலை இந்த ஓர் அளவுகோலால் மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். நோஷன், எவர்நோட், ஒன்நோட், ஆப்பிள் நோட்ஸ், கூகுள் கீப், பேர், ரோம் எனப் பல செயலிகளின் குறிப்புகளை அது வாங்கிக்கொள்கிறது என்றாலும், இணைப்புச் சிக்கல் மிகுதியாக எழும் நோஷனையும் எவர்நோட்டையுமே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கலின் வேர், வெற்று உரைக்குள் சில குறிகளை இட்டுத் தலைப்பு, இணைப்பு போன்றவற்றைக் காட்டும் மார்க்டவுனிலேயே இருக்கிறது. 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட அந்த எழுத்துமுறையைத் துல்லியமாக வரையறுத்த காமன்மார்க் விதிகளின்படி, கோண அடைப்புக்குறிக்குள் இடாத இணைப்பு முகவரியில் இடைவெளி வரக் கூடாது. வளைவு அடைப்புக்குறிகள் வந்தால் அவை சோடியாக இருக்க வேண்டும். ‘1) முன்னுரை’ என்று தலைப்பிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தலைப்பு அப்படியே கோப்பின் பெயராகி, முகவரியிலும் இடம்பெற்றால், அந்த ஒற்றை அடைப்புக்குறியிலேயே இணைப்பு முடிந்துவிடும். இடைவெளியைத் தவிர்க்கச் செயலிகள் %20 என்று எழுதுகின்றன. தமிழெழுத்துகளையும் அதே முறையில் மாற்றும்போதுதான் காட்சி விகாரமாகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் என்பதால், விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. ‘கு’ என்பது ககரம், உகரக்குறி என இரண்டு குறியீடுகள்; ஆக எட்டுக் குறியீடுகள் கொண்ட ‘குறிப்பு’ என்ற ஒரு சொல் மட்டும் 72 எழுத்துகள் நீளமாகும். அப்படிப்பட்ட முகவரியைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது எவராலும் ஆகாது.

நோஷன் மார்க்டவுனாக ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு பக்கத்தின் கோப்புப் பெயருக்குப் பின்னும் 32 இலக்கப் பதினறும அடையாள எண் ஒன்றைச் சேர்க்கிறது. இணைப்புகளும் அந்த எண்ணோடு கூடிய பெயரையே சுட்டுகின்றன. பெயர் மாற்றும் கருவி கொண்டு கோப்புகளிலிருந்து எண்ணை நீக்கினால் இணைப்புகள் எல்லாம் வெறுமையைச் சுட்டும். விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற தொகுப்பியில் வடிவத் தேடல் (regex) மூலம் உரைக்குள்ளிருந்தும் எண்ணை நீக்கினால் பெரும்பாலானவை சரியாகும். ஆனால் ஒரே கோப்புறையில் ‘கூட்டம்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கங்கள் இருந்தால், அவற்றைப் பிரித்துக் காட்டிய ஒரே அடையாளத்தையும் நாமே அழித்துவிட்டவர்களாவோம்.

இம்போர்ட்டர் இந்த இடத்தில் நன்றாகச் சிந்தித்து எழுதப்பட்டிருக்கிறது. கோப்பு வழியாக இறக்கும்போது அது கேட்பது நோஷனின் மார்க்டவுன் ஏற்றுமதியை அன்று, எச்டிஎம்எல் ஏற்றுமதியை. மார்க்டவுனில் இயங்கும் செயலிக்குப் போக எச்டிஎம்எல் எதற்கு என்று தோன்றும். உதவிப் பக்கத்தைப் படிக்காமல் மார்க்டவுனைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு செருகுநிரலைக் குறைகூறுவோர் இதனால்தான் உண்டாகிறார்கள். ஏற்றுமதியின்போது துணைப்பக்கங்களைச் சேர்க்கும்படியும், அவற்றுக்குத் தனிக் கோப்புறைகள் அமைக்கும்படியும் தெரிவுசெய்து, கிடைக்கும் ஜிப் கோப்பைப் பிரிக்காமலேயே கொடுத்தால் போதும். செருகுநிரல் முதலில் எந்த எண் எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதைத் தொகுத்துக்கொண்டு, பிறகே இணைப்புகளை எழுதுகிறது. ஆகவே கோப்புப் பெயரிலிருந்து எண் மறைந்த பிறகும் இணைப்பு உரிய பக்கத்தையே சுட்டுகிறது. தரவுத்தளத்தின் ஒவ்வொரு வரியும் தனிக் குறிப்பாகவும், அதன் நெடுவரிசைகள் குறிப்பின் பண்புகளாகவும் மாறுகின்றன. ஒரு பகுதியை மட்டும் ஏற்றுமதி செய்தால், வெளியே நின்றுவிட்ட பக்கங்களுக்கான இணைப்புகள் நோஷன் தளத்தின் இணைய முகவரிகளாகவே எஞ்சும் என்பதால், நோஷன் பணிவெளி (workspace) முழுவதையும் ஒரே முறையில் எடுப்பதே முறை.

எவர்நோட்டுக்கு இதே பாராட்டைச் சொல்ல இயலாது. அதற்குச் செருகுநிரல் பொறுப்பும் அன்று. எவர்நோட்டின் உள் இணைப்பு ஒவ்வொன்றும் சேரவேண்டிய குறிப்பின் தனி அடையாளத்தைக் கொண்டது. ஆனால் ஏற்றுமதியாகும் எனெக்ஸ் கோப்பில் குறிப்புகளின் அந்த அடையாளம் எழுதப்படுவதில்லை. முகவரி இருக்கிறது, வீடுகளில் கதவிலக்கம் இல்லை. எனவே யார்ல் என்ற திறந்த மூல நிரலை அடிப்படையாகக் கொண்ட இந்த இறக்குமதி, இணைப்பின் சொற்களையும் குறிப்பின் தலைப்பையும் ஒப்பிட்டே பொருத்த வேண்டியிருக்கிறது. இணைப்பின் சொற்களை நாமே ‘இங்கே பார்க்க’ என்று மாற்றியிருந்தால் இந்த ஒப்பீட்டால் அதை மீட்க முடியாது. சந்தாவை நிறுத்தும் முன்பே, எவர்நோட்டுக்குள் இருக்கும்போதே, இத்தகைய இணைப்புகளில் தலைப்பைத் திரும்ப எழுதிவிடுவது நல்லது. ஜாப்ளின் என்னும் குறிப்புச் செயலியைப் பயன்படுத்துவோருக்கு இந்த அலைச்சல் இல்லை: அதன் மார்க்டவுன் ஏற்றுமதியே உள் எண்களைக் கோப்புப் பாதைகளாக மாற்றித் தந்துவிடுவதால், அந்தக் கோப்புறையை நேரடியாக ஆப்சிடியனில் திறக்கலாம்.

தமிழில் தலைப்பிடுவோர் அறிந்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கோ அவை இரு வேறு பெயர்கள். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ்+ வட்டு அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது என்பதால், அக்காலத்துக் காப்புகளை இன்றைய கணினிக்குக் கொண்டுவரும்போது, கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இணைப்பு திறக்காமல் போகலாம். ஆப்சிடியன் பாதைகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதியைத் தன் செருகுநிரல் ஆக்குநர்களுக்குத் தந்திருப்பது நல்ல செய்தி. மற்றொன்று நீளம்: லினக்ஸில் வழக்கமாகக் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படக் கூடாது, அதாவது எம்டி (.md) என்ற பின்னொட்டைக் கழித்தால் 84 தமிழ்க் குறியீடுகள்தாம். முழு வாக்கியத்தையே தலைப்பாக வைப்போர் ஏற்றுமதிக்கு முன்பே அவற்றைக் குறுக்கிக்கொள்வது நல்லது.

இறக்குமதி முடிந்ததும், ஆப்சிடியனின் தேடலில் %20 என்றும், பழைய செயலியின் தள முகவரியைக் கொண்டும் தேடிப் பார்த்தால் தப்பிய இணைப்புகள் அகப்பட்டுவிடும். குறிப்புகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் வரைபடக் காட்சியில், இன்னும் உருவாகாத கோப்புகளையும் காட்டச் சொன்னால், சேருமிடமற்ற இணைப்புகள் மங்கிய புள்ளிகளாகத் தெரியும். இவை எல்லாம் முடியும்வரை மூல ஜிப் கோப்பை அழிக்கக் கூடாது.

எனக்கு உள்ள ஒரே மனத்தாங்கல், நோஷனிலிருந்து வரும் இணைப்புகள் [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குறி வடிவில், அதாவது விக்கி இணைப்புகளாக, எழுதப்படுவதைப் பற்றியது. அது காமன்மார்க்கில் இல்லாத வடிவம். ஒரு செயலியின் பிடியிலிருந்து விடுபட வந்தவர் இன்னொன்றின் வழக்கத்துக்குள் நுழைகிறார். அமைப்புகளில் விக்கி இணைப்புத் தெரிவை நிறுத்திவைக்கலாம் என்றாலும், அது இனி எழுதப்போகும் இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ளவை மாறுவதில்லை. குறிப்புகளை வலைத்தளமாக வெளியிடவோ மீண்டும் இடம்மாற்றவோ எண்ணுவோர், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஆப்சிடியன்-எக்ஸ்போர்ட் என்ற கட்டளைவரி நிரலைக் கையோடு நிறுவிக்கொள்ளலாம். அது மூலக் குறிப்புகளைத் தொடாமல், விக்கி இணைப்புகளை வழக்கமான மார்க்டவுன் இணைப்புகளாக மாற்றித் தனிக் கோப்புறையில் எழுதித் தருகிறது.