அம்மம்மா தனியாகச் சாமான் எடுக்கத் தோதான கடையா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலுள்ள இந்தச் சுப்பர் மார்க்கெட்டில் விலையும் தரமும் நல்லம். அறுபதைத் தாண்டியவர் துணையில்லாமல் தேடி எடுக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

வெளிச்சத்துக்கு முழுப் புள்ளி. கண்மணி சுருங்கி, வில்லை மஞ்சளிப்பதால் 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். இங்கே றாக்கையின் அடித்தட்டுவரை வெளிச்சம் விழுகிறது. வாசலுக்கு நேரேயுள்ள குளிர்பானப் பெட்டியின் லைற் மட்டும் கண்ணைக் கூச வைக்கும். வெயிலிலிருந்து வந்த கையோடு தேடத் தொடங்காமல் ஓரிரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்குங்கோ.

சிக்கல் தூள் றாக்கையில். கறித்தூள், தனி மிளகாய்த்தூள், இடித்த செத்தல்மிளகாய் எல்லாம் சிவப்புப் பைக்கற். 200 கிராமும் 500 கிராமும் கலந்தே கிடக்கின்றன. பச்சைப் பைக்கற்றுகளுக்குள் ஒரேயொரு சிவப்பென்றால் எந்த வயதிலும் சட்டெனப் பிடிபடும். நிறம், எழுத்து, அளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தே பிரிக்கவேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் தேடவேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ஆன் டிரைஸ்மனும் கேரி ஜெலாடும் 1980இல் விளக்கிய வேறுபாடு இது. முதுமை அதிகம் தாமதப்படுத்துவது இந்த இரண்டாவது தேடலைத்தான். கண்ணாடியை மாற்றினால் எழுத்துத் தெளியும். வேண்டாததை ஒதுக்குவது மூளையின் வேலை, அதற்குக் கண்ணாடி உதவாது. இது தெரியாமல் வீட்டில் "இவ்வளவு நேரமா?" என்று கடிந்துகொள்வது பெரிய அநியாயம். தட்டுக்குத் தட்டு தொங்கும் சலுகை அட்டைகள் கவனத்தை இன்னும் இழுக்கின்றன.

மாவகை றாக்கை அருமை. ஒடியல்மா, குரக்கன்மா, அரிசிமா எப்போதும் அதே இடத்தில், இடைவெளிவிட்டு இருக்கின்றன. இடம் பழகினால் தேடலே இல்லை.

போகிறவர்கள் முடிந்த பைக்கற்றின் வெறும் உறையைக் கொண்டுபோங்கோ. தேடுவது எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை வைத்துக் கண்ணை வழிநடத்தும் திறன் முதுமையிலும் பெரும்பாலும் குறைவதில்லை. ஒரு தட்டை இடமிருந்து வலமாக முடித்துவிட்டே அடுத்த தட்டுக்குப் போங்கோ. இரட்டைவில்லைக் கண்ணாடி போட்டவர்கள் மேல்தட்டு விலையை வாசிக்க அண்ணாந்தால் தடுமாறக்கூடும். பணியாளரைக் கேளுங்கோ, முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை. கறித்தூளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே மஞ்சள்தூளை ஒரு வரிசை அடுக்கி, சலுகை அட்டைகளைக் கழற்றினால் நாலரை தரலாம். அதற்கு முதலாளிக்கு ஒரு சதமும் செலவில்லை.