வணிகர் சங்க மாதக் கூட்டம்: சந்தாவுக்குத் தகுமா?

டெல்டா ஊர்களின் வணிகர் சங்கக் கூட்டங்களுக்கு, ஆள் அறிமுகம் என்ற வகையில் அரை மார்க்தான். ஆளுக்கு இரண்டு நிமிடப் பேச்சு, கார்டு கைமாற்றம், இட்லி, டிகிரி காபி. அரிசி ஆலைக்காரர் பக்கத்தில் இன்னொரு ஆலைக்காரரே உட்கார்ந்தால் என்ன வியாபாரம் நடக்கும்? சாக்கு வியாபாரி, லாரி புக்கிங்காரர், தவிடு வாங்குபவர் என்று கலந்து உட்கார வைக்கும் சங்கமாகப் பாருங்கள்.

உண்மையான பலன் ரயில்வேக்கு மனு எழுதுவதில். 'தஞ்சாவூர்–விழுப்புரம் மெயின் லைனை இரட்டைப் பாதையாக்குக' என்ற ஒற்றை வரி கோப்பில் தூங்கும். கணக்கு வேண்டும். 42 வேகன் சரக்கு ரயிலில் ஏறத்தாழ 2,000 டன் நெல் போகிறது; பத்து டன் லாரியில் அது 200 நடை. கூட்ஸ் ஷெட்டில் கூரை போதாமல் மழை பிடித்தால் மூட்டை ஏற்றுவது நிற்கும், தாமதக் கட்டணம் வேகனுக்கு மணிக்கணக்கில் ஏறும். கொள்முதல் வரம்பான 17 சதவீத ஈரப்பதத்துக்கு மல்லுக்கட்டி வாங்கிய நெல் அங்கே நனையும்.

ஆள் பலத்தையும் கேட்க வேண்டும். 2019-ல் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை திறந்தபோது கேட் கீப்பர் போதாமல், ரயிலிலேயே வந்த ஊழியர் இறங்கி கேட்டை மூடித் திறந்தார். தண்டவாளம் இருந்தது, வேகம் இல்லை.

சேரும் முன் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுங்கள். தேதி மட்டும் மாறி அதே தீர்மானம் வருகிறதென்றால் காபிக்குப் போய் வரலாம்.