கொமினோ தீவுக்கு ஒருநாள் படகு: தண்ணீருக்காகப் போகலாம், பேக்கேஜ் வேண்டாம்

ஜூன் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து மால்டா போயிருந்தோம். இடதுபக்கம் ஓடும் பஸ், நம் வீட்டு மூன்றுகால் பிளக், எங்கும் ஆங்கிலம், இதையெல்லாம் பார்த்த மாமியார் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டார். கொமினோவில் இறங்கிய பிறகு அந்தப் பேச்சு இல்லை.

மால்டாவுக்கும் பக்கத்துத் தீவான கோசோவுக்கும் நடுவில் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் தீவு, நம்ம சிங்கப்பூர் உபின் தீவு கிட்டத்தட்ட இதைப்போல மூன்று மடங்கு. பெயரே சீரகத்திலிருந்து வந்தது என்கிறார்கள். ரசத்துக்கு ஒரு பிடி கிடைக்குமா என்று மாமியார் தேடினார், கண்ணில் பட்டது காட்டுத் தைம் செடிதான்.

எல்லாரும் குளிக்கப் போகும் புளூ லகூன் என்ற கடற்கழியின் தண்ணீர் படத்தில் பார்க்கிற அதே நிறம். அடியில் வெள்ளை மணல், அதனால் கழுத்தளவு ஆழத்தில் நின்றாலும் கால்விரல் தெரிகிறது. ஜூனில்கூட நமக்குக் குளிரும், முதல் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். கரைதான் பிரச்சினை. மணல் கொஞ்சூண்டு, மீதி பாறை, துண்டு விரிக்க இடம் தேடியே அரை மணி போய்விட்டது. 2025இலிருந்து இலவச முன்பதிவு செய்து, கையில் பட்டை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அப்படியும் எம்ஆர்டி ரயிலின் காலைக் கூட்டம் மாதிரிதான் இருந்தது.

சரி, படகு. நாங்கள் எடுத்த பேக்கேஜ் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பி, காது கிழியப் பாட்டு போட்டு, உச்சி வெயிலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்தும் மாமியாருடைய ரொட்டிக்குள் டூனா மீன்! கேட்டதற்கு, அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமே என்று பதில் வேறு.

அதைவிட, மால்டாவின் வடக்கே உள்ள சிர்கெவ்வா துறையிலிருந்து காலை முதல் படகில் நீங்களே போய்விடுங்கள், அரை மணிகூட ஆகாது. குளித்துவிட்டு, கூட்டம் சேருவதற்குள், 1618இல், அப்போது மால்டாவை ஆண்ட செயின்ட் ஜான் வீரர்கள் கட்டிய காவல் கோபுரம் வரை நடந்து போகலாம். எனக்கு லகூனைவிட அந்த நடைதான் பிடித்தது, பாறை விளிம்பில் நின்றால் காற்றும் கடலும் மட்டும்தான். உபினில் தலைக்கு மேல் மரம் இருக்கும், இங்கே ஒன்றும் கிடையாது. தொப்பி, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், பாறையில் வழுக்காத சப்பாத்து, அப்புறம் வீட்டில் சைவம் இருந்தால் புளிச்சோறும் கட்டிக்கொள்ளுங்கள்.